கேரவனில் ஹாம் ரேடியோ: பணம் போகும் இடமும் தவறு நடக்கும் இடமும்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். இந்த உயர வேறுபாடு ஹாம் ரேடியோக்காரருக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவருக்கு, பெரிய சொத்து. மலை விளிம்பில் வண்டியை நிறுத்தி 144 மெகாஹெர்ட்ஸில் பேசினால், இடையில் வேறு மலை மறைக்காத திசையில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் குரல் போய்ச் சேரும். அதனால்தான் இங்கே பலருக்கு வேனைக் கேரவனாக மாற்றி, அதில் ரேடியோவைப் பொருத்திக்கொண்டு சேர்வராயன் மலைக்குப் போகும் ஆசை வருகிறது. நல்ல ஆசை. ஆனால் செலவெல்லாம் ரேடியோ பெட்டிக்கே போகிறது. தவறெல்லாம் கூரையிலும் கம்பியிலும் நடக்கிறது.

முதல் தவறு, ஆன்டெனா என்றால் கூரைமேல் நிற்கும் குச்சி மட்டும்தான் என்று நினைப்பது. குச்சி பாதிதான். அதன் அடியில் விரிந்திருக்கும் உலோகம் மறுபாதி. இரும்புக் கூரை உள்ள காரில் அந்த மறுபாதி தானாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் நாமக்கல், சேலம் பட்டறைகளில் பாடி கட்டும்போது எடை குறையட்டும் என்று பைபர் கூரை போட்டிருந்தால், அங்கே மறுபாதியே கிடையாது. நண்பர் ஒருவரின் வேனில் இதைக் கண்ணால் பார்த்தேன். புத்தம்புதிய ரேடியோ, நல்ல ஆன்டெனா, பைபர் கூரையில் அழகாகப் பொருத்தியிருந்தார்கள். மேலே ஏற்காட்டிலிருந்து அவர் அழைத்தது கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த எனக்கு இரைச்சலுக்குள் முனகலாகத்தான் கேட்டது. ஆன்டெனாவுக்கு அடியில், கூரையின் உட்புறம், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அலுமினியத் தகடு ஒட்டி, ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிளின் வெளிப்புற உலோகப் பின்னல் உறையை ஆன்டெனா அடியில் அதனோடு இணைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த முறை குரல் தெளிவாக வந்தது.

144 மெகாஹெர்ட்ஸில், அதாவது 2 மீட்டர் அலைவரிசையில், கால் அலை நீளம் அரை மீட்டர்தான்; அதற்கு அந்தத் தகடு போதும். 7 மெகாஹெர்ட்ஸ் உள்ள 40 மீட்டர் அலைவரிசைக்குப் போதாது. அங்கே கால் அலை பத்து மீட்டர். வண்டி முழுவதுமே அதற்குச் சிறியது. ஆகவே சேஸிஸ், கதவு, பானெட், புகைக்குழாய் என எல்லா இரும்பையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். உருண்டைக் கம்பி வேண்டாம். அகலமான செம்புப் பின்னல் பட்டை போடுங்கள், முடிந்தவரை குட்டையாக. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பில்தான் ஓடும் என்பதால் அகலத்துக்குத்தான் மதிப்பு. பெயின்டைச் சுரண்டாமல் போல்ட்டை முறுக்குவது இன்னொரு வழக்கமான பிழை. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் துரு ஏறிவிடும்.

மறுபாதி சரியாக இல்லாதபோது அந்த மின்னோட்டம் காணாமல் போய்விடாது. கேபிளின் உலோக உறை வழியாக வண்டிக்குள் வரும். பேசும்போது எல்இடி விளக்கு மினுக்கினாலோ, தண்ணீர் மோட்டார் தானாக ஓடினாலோ, மைக் உதட்டில் சுருக்கென்று சுட்டாலோ காரணத்தைக் கூரையில் தேடுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் ஒரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். எஸ்டபிள்யூஆர், அதாவது ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், ஒன்றுக்கு அருகில் இருந்தால் ஆன்டெனா நன்றாக வேலை செய்கிறது என்று நம்புகிறோம். ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் டம்மி லோடும் ஒன்று என்றுதான் காட்டும். அதிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது. இரண்டரை மீட்டர் குச்சியை 7 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் தடை, சில ஓம்தான். பொருத்தும் சுருள் எதுவும் வைக்காமலேயே 50 ஓம் காட்டுகிறது என்றால், மிச்சமெல்லாம் குட்டைக் குச்சியிலேயே இருக்கும் லோடிங் சுருளிலும், எர்த்திலும் (அந்த மறுபாதியிலும்) சூடாகப் போகிறது என்று பொருள். எர்த் இணைப்பைச் சரிசெய்த பிறகு எஸ்டபிள்யூஆர் கூடினால் பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி. அடியில் ஒரு சிறிய பொருத்தும் சுருள் வைத்தால் தீர்ந்தது.

அடுத்து மின்சாரம். 100 வாட் ரேடியோ பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பின்பக்க மேசைக்கு பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் என்றால், போக வர பத்து மீட்டர் கம்பி. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கம்பியைப் போட்டால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ரேடியோவுக்குப் பதினொன்றுதான் வந்து சேரும். குரல் உடையும், சில ரேடியோக்கள் அணைந்தே போகும். 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. பியூஸ் ரேடியோ அருகில் இருந்தால் மட்டும் போதாது. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அது பாதுகாப்பது ரேடியோவை அல்ல, கம்பியை. எரிவாயு சிலிண்டரும் மெத்தையும் உள்ள வண்டியில் இதில் மட்டும் சமரசம் கூடாது.

பஸ், லாரி சேஸிஸில் கட்டிய கேரவன் என்றால் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள், ஒன்று காய, இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற, இரண்டும் கெட்டுவிடும். 24 வோல்ட்டை 12 ஆக இறக்கும், இரைச்சல் குறைந்த நல்ல கன்வெர்ட்டர் வாங்குங்கள். இன்வெர்ட்டரில் 230 வோல்ட் ஆக்கி, அதை மறுபடி 13.8 வோல்ட்டுக்கு இறக்குவது இன்னும் வீண். மின்சாரமும் போகும், இரைச்சலும் கூடும்.

இரைச்சல் என்றதும் சோலார் நினைவுக்கு வருகிறது. மலையில் நகரத்து மின்இரைச்சல் குறைவு, தொலைவுக் குரல்கள் துல்லியமாகக் கேட்கும் என்று ஏறிப் போகிறோம். நம் கூரையே இரைகிறது. பொழுது சாய்ந்ததும் இரைச்சல் தானாக அடங்கினால் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்தான் காரணம். அடங்காவிட்டால் ரேடியோவைத் தனி பேட்டரியில் ஓடவிட்டு, வண்டியின் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பிரிட்ஜ், எல்இடி, யூஎஸ்பி சார்ஜர் என ஒவ்வொன்றும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்டுபிடித்த கருவிக்கு அருகிலேயே, அதன் கம்பியில், இரைச்சலைத் தடுக்கும் பெரைட் (காந்தப் பொருள்) வளையம் போடுங்கள். கம்பியை ஒருமுறை நுழைத்து விடுவதில் பெரிய பயன் இல்லை. சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை கூடும் என்பதால், ஐந்து சுற்று என்றால் ஏறத்தாழ 25 மடங்கு.

ரேடியோவைச் சமையல் மேடைக்கு மேலும், காற்றுப் புகாத அலமாரிக்குள்ளும் வைக்காதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அது வெந்துவிடும். ஈர பேட்டரி இருக்கும் பெட்டிக்குள்ளும் வேண்டாம். அங்கே ஹைட்ரஜன் சேரும்.

வண்டியின் உயரத்தோடு ஆன்டெனாவின் உயரத்தையும் கூட்டி, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். ஏற்காட்டில் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் கிளை தட்டினால் குச்சி மட்டும்தான் போகும். கீழே மின்மயமான ரயில் பாதையின் லெவல் கிராசிங்கில் தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். ஓடும் வண்டியில் நீள ஆன்டெனாவை மடித்துக் கட்டுங்கள். நிறுத்தும்போதும் மின்கம்பிக்கு அடியில் விரிக்காதீர்கள். கோடை மழை இடியோடு வரும் மாதங்களில், வானம் கறுக்கும்போதே ஆன்டெனா கேபிளைக் கழற்றி வெளியே விடுங்கள். மின்னத் தொடங்கியபின் தொடக்கூடாது.

உரிமம் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். தேர்வு எழுதி அழைப்புக் குறி பெறாதவர் ஒலிபரப்புப் பொத்தானைத் தொடக்கூடாது.

எல்லாம் முடிந்ததும் முதல் எஸ்டபிள்யூஆர் அளவீட்டைச் சேலத்திலேயே, திறந்தவெளியில், கதவுகளை மூடி எடுத்துக் குறித்துவையுங்கள். ஷெட்டுக்குள் எடுத்த அளவு வெளியே மாறிவிடும். பிறகு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி வாருங்கள். அதே இடத்தில் நின்று மறுபடி அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது; ஆன்டெனாவின் அடியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.