ஆங்கிலத்தில் கூட்டுக்கலவை வாக்கியம்: எழுவாயையும் முற்றையும் எண்ணி எழுதுங்கள்

நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நாகர்கோவிலில் ஓஇடி தேர்வுக்கான, அதாவது மருத்துவத் துறையினருக்கென்று நடத்தப்படும் ஆங்கிலத் தேர்வுக்கான ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அதற்கு முன் நானும் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள்தான். இந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, அவரை அடுத்து கவனிக்கப்போகிறவருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். மொத்தம் 45 நிமிடம். அதில் முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். கடிதம், முகவரியும் வணக்கமும் நீங்கலாக, 180 முதல் 200 சொல் அளவில் இருக்க வேண்டும்.

குறிப்புகள் துண்டு துண்டாக இருக்கும். காய்ச்சல் இருந்தது, குறைந்தது, இருமல் போகவில்லை, எக்ஸ்ரே எடுத்தாயிற்று. பிள்ளைகள் இதை அப்படியே நான்கு குட்டி வாக்கியமாக எழுதுவார்கள். இல்லையென்றால் 'அண்ட்' போட்டு ஒரே மூச்சில் கோத்துவிடுவார்கள். எது காரணம், எது விளைவு, எதைக் கவனிக்க வேண்டும் என்று படிக்கிற டாக்டருக்கு இரண்டிலும் தெரியாது. அதைத் தெரியவைப்பதற்குத்தான் கூட்டுக்கலவை வாக்கியம், அதாவது காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் வாக்கியம். பள்ளிக்கூடத்தில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பீர்கள். நான்காவதாக இருக்கும் இதை அங்கே பெரும்பாலும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் வேலையில் அதிகம் கைகொடுப்பது இதுதான்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒரு நோட்டில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு தொடர்ந்து படியுங்கள்.

"ஆல்தோ ஹிஸ் ஃபீவர் சப்சைடட், த காஃப் பெர்சிஸ்டட், அண்ட் எ செஸ்ட் எக்ஸ்ரே வாஸ் டன்."

தமிழில் இதைச் சொன்னால்: காய்ச்சல் குறைந்தும் இருமல் நிற்காததால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. இந்தத் தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று ஒன்றுதான், கடைசியில் வரும் 'எடுக்கப்பட்டது'. 'குறைந்தும்', 'நிற்காததால்' இரண்டும் முற்றாத வினைகள். நாம் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முற்றில் நிறுத்துவோம். ஆங்கில வாக்கியத்திலோ முற்று மூன்று: சப்சைடட், பெர்சிஸ்டட், வாஸ் டன். எழுவாயும் மூன்று: ஃபீவர், காஃப், எக்ஸ்ரே. முற்று இருக்கும் ஒவ்வொரு துண்டிலும் அதன் எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது ஆங்கிலத்தின் பிடிவாதம். தமிழ் வழியில் யோசித்து ஆங்கிலம் எழுதுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இது பிடிபட்டுவிட்டால் மீதி எளிது.

இந்த மூன்று துண்டுகளில் 'த காஃப் பெர்சிஸ்டட்' தனியாக நிற்கும். 'எ செஸ்ட் எக்ஸ்ரே வாஸ் டன்' என்பதும் நிற்கும். இவை முதன்மைத் தொடர்கள். 'ஆல்தோ ஹிஸ் ஃபீவர் சப்சைடட்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்கிறவர் "சரி, அப்புறம்?" என்பார். அது சார்புத் தொடர். குறைந்தது இரண்டு முதன்மைத் தொடரும் ஒரு சார்புத் தொடரும் இருந்தால் அது காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ். இலக்கணம் கேட்பது அவ்வளவுதான்.

முதன்மைத் தொடர்களை ஒன்றோடொன்று கட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஏழு சொற்கள் உண்டு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்வார்கள். கடிதத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது அண்ட், பட், ஸோ மூன்றுதான். சார்புத் தொடரைத் தொடங்கிவைப்பவை ஆல்தோ, பிகாஸ், வென், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், இஃப், அன்லெஸ், ஹூ, விச் போன்றவை. 'சின்ஸ்' வேண்டாம் என்று என் வகுப்பில் சொல்வேன். அது 'அப்போதிலிருந்து' என்றும் பொருள்படும், 'ஏனென்றால்' என்றும் பொருள்படும். ஒரு நோயாளியின் கதையில் அந்தக் குழப்பம் கூடாது. காரணம் என்றால் 'பிகாஸ்' என்றே எழுதுங்கள்.

எது முற்று என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறேன். வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள். "ஹீ வாக்ஸ் யூசிங் எ ஃப்ரேம்" என்பதை நேற்றைக்கு மாற்றினால் "ஹீ வாக்ட் யூசிங் எ ஃப்ரேம்" என்று ஆகும். மாறியது 'வாக்ஸ்'. 'யூசிங்' அசையவே இல்லை. எது மாறுகிறதோ அதுதான் முற்று. அசையாதது நம் எச்சத்தைப் போன்றது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'டு டேக்', 'டு வாக்' போன்றவற்றுக்கும் இதே விதி. இந்தச் சோதனையைப் பென்சிலும் கையுமாகச் செய்யுங்கள்: முற்றின் கீழ் இரட்டைக் கோடு, அதன் எழுவாயின் கீழ் ஒற்றைக் கோடு. முற்றுக்கு எழுவாய் கிடைக்காமல் பென்சில் தேடிக்கொண்டிருந்தால் அங்கே பிழை இருக்கிறது என்று பொருள். "வென் கேம் டு த ஹாஸ்பிடல், ஷி வாஸ் பிரெத்லெஸ்" என்று எழுதுவார்கள். 'ஆஸ்பத்திரிக்கு வந்தபோது' என்று தமிழில் ஆளைச் சொல்லாமல் விடலாம். ஆங்கிலத்தில் 'வென் ஷி கேம்' என்று அவரைச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொரு இடத்திலும் கணக்குத் தவறும். "வென் ஹீ கேம் ஹோம், ஹீ ஏட் அண்ட் ஸ்லெப்ட்." 'அண்ட்' இருக்கிறது, 'வென்' இருக்கிறது, ஆகவே இது காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று கை தூக்குவார்கள். 'அண்ட்'டுக்குப் பிறகு புதிய எழுவாய் வரவில்லை. ஒரே ஆள், இரண்டு செயல். ஆகவே இது வெறும் காம்ப்ளெக்ஸ். நம் பள்ளித் தேர்வுகளில் 'ஒரே எழுவாய், நடுவில் அண்ட்' என்ற வாக்கியத்தையும் காம்பவுண்ட் என்று எழுதித்தான் மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்தப் பெயர்ச் சண்டைக்குள் போக வேண்டாம். எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'அண்ட்'டுக்குப் பின் புதிய எழுவாய் வந்தால் 'அண்ட்'டுக்கு முன் கமா, வராவிட்டால் கமா இல்லை.

கமாவைப் பற்றி மீதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார்புத் தொடர் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை: "த வூண்ட் இஸ் ஹீலிங் வெல், பட் ஷி நீட்ஸ் ஹெல்ப் வென் ஷி கெட்ஸ் அவுட் ஆஃப் பெட்." இதில் 'வென்'னுக்கு முன் கமா இல்லை. 'ஹூ' தொடர் கூடுதல் தகவலாக நடுவில் நுழைந்தால் இரண்டு பக்கமும் கமா. ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் விட்டுவிடுவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். எந்தத் தகவலை முதன்மைத் தொடரில் வைப்பது, எதைச் சார்புத் தொடருக்குத் தள்ளுவது? இலக்கணம் இதைச் சொல்லித் தராது. இதைப் பாருங்கள்.

"த பேஷண்ட், ஹூ இஸ் அலர்ஜிக் டு பெனிசிலின், லிவ்ஸ் அலோன், அண்ட் ஹிஸ் டாட்டர் விசிட்ஸ் ஹிம் ஆன் சண்டேஸ்."

பிழையே இல்லை. எழுவாய் சரி, முற்று சரி, கமாக்களும் சரி. ஆனால் பெனிசிலின் ஒவ்வாமை இரண்டு கமாவுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது. தனியாக வசிக்கிறார் என்பதும் ஞாயிறுதோறும் மகள் வருவதும் தலைமையிடத்தில் உட்கார்ந்துவிட்டன. அவசரமாகப் படிக்கிற கண் கமாவுக்குள் இருப்பதைத் தாண்டிவிடும். வார்டில் இருந்தவர்களுக்கு அதன் விலை தெரியும். இடம் மாற்றுங்கள்:

"த பேஷண்ட், ஹூ லிவ்ஸ் அலோன், இஸ் அலர்ஜிக் டு பெனிசிலின், அண்ட் ஹிஸ் டாட்டர் கீப்ஸ் எ லிஸ்ட் ஆஃப் ஹிஸ் மெடிசின்ஸ்."

இப்போது ஒவ்வாமை முதன்மைத் தொடரில் இருக்கிறது. அடுத்த முதன்மைத் தொடர் அதற்குத் துணையாக, மருந்துப் பட்டியல் யாரிடம் கிடைக்கும் என்று சொல்கிறது. தனியாக வசிப்பது பின்னணி, ஆகவே அது கமாவுக்குள் போனது. எழுதத் தொடங்கும் முன் உங்களையே கேளுங்கள்: இந்த வாக்கியத்தைப் படித்தவர் இரண்டே செய்திதான் நினைவில் வைப்பார் என்றால் எந்த இரண்டு? அவை முதன்மைத் தொடர்கள். மீதியில், அவற்றுக்குக் காரணமாகவோ காலமாகவோ எதிர்பார்ப்புக்கு மாறாகவோ நிற்பது எதுவோ அது சார்புத் தொடர். எந்த உறவும் இல்லாத தகவல் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வரக்கூடாது. அதற்கு வேறு வாக்கியம் கொடுங்கள்.

சில பிழைகள் நம் நாக்கிலிருந்தே வருகின்றன. 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு அடுத்த தொடரை 'பட்' என்று தொடங்குவது அதில் முதலாவது: "ஆல்தோ ஹீ டுக் த டேப்லட், பட் த பெய்ன் டிட் நாட் ஸ்டாப்." ஒரே எதிர்ப்பை இரண்டு முறை சொல்வதாகிறது. 'பட்'டை எடுத்துவிடுங்கள். அடுத்தது 'ஹவெவர்', 'தேர்ஃபோர்'. இவை 'பட்', 'ஸோ' போலவே ஒலித்தாலும் இரண்டு முதன்மைத் தொடரைக் கட்டும் பலம் இவற்றுக்குக் கிடையாது. முன்னால் கமா போட்டால் பிழை. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்துவிட்டு 'ஹவெவர்' எழுதி, அதன் பின் கமா போட வேண்டும். மூன்றாவது, 'பிகாஸ்' தொடரைத் தனியாக அறுத்துப் புள்ளி வைப்பது: "பிகாஸ் த வூண்ட் வாஸ் இன்ஃபெக்டட்." பேச்சில் செல்லும், கடிதத்தில் செல்லாது.

எவ்வளவு எழுதலாம்? பத்திக்கு ஒன்று போதும். எல்லா வாக்கியத்தையும் இப்படி எழுதினால் ஆள் தெரிந்தவர் என்று நினைப்பார்கள் என்பது தவறான எண்ணம். ஓஇடி எழுத்தைத் திருத்துகிறவர்கள் ஆறு அளவுகோல் வைத்துத் திருத்துகிறார்கள். அதில் சுருக்கமும் தெளிவும் தனியே ஓர் அளவுகோல். மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்பதை எப்போதும் நேரான சிம்பிள் வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் 'விச்', 'ஆல்தோ' எதையும் சேர்க்காதீர்கள்.

ஒரு பயிற்சி. குறிப்புகள் இவை: வயதான பெண்மணி, குளியலறையில் விழுந்தார், இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு, தனியாகக் குளிக்க முடியாது, மகள் பகலில் வேலைக்குப் போய்விடுவார். கடிதம் வீட்டுக்கு வந்து கவனிக்கும் நர்ஸுக்கு. மேலே படிக்காமல் நீங்களே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், கோடுகளும் போடுங்கள்.

நான் எழுதினால்: "பிகாஸ் ஹெர் லெஃப்ட் ரிஸ்ட் இஸ் இன் பிளாஸ்டர், ஷி கேன்னாட் பாத் அலோன், அண்ட் ஹெர் டாட்டர் இஸ் அட் ஒர்க் டியூரிங் த டே." எழுவாய்கள் ரிஸ்ட், ஷி, டாட்டர். முற்றுகள் இஸ், கேன்னாட் பாத், இஸ். வீட்டுக்கு வரும் நர்ஸ் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டும், அதாவது குளிக்க உதவி தேவை, பகலில் வீட்டில் ஆள் இல்லை என்பது, முதன்மைத் தொடர்களில் நிற்கின்றன. மாவுக்கட்டு காரணமாக முன்னால் போனது. குளியலறையில் விழுந்ததையும் எலும்பு முறிந்ததையும் இதற்குள் திணிக்கவில்லை. அவை இதற்கு முந்தைய வாக்கியத்துக்கு உரியவை: "ஷி ஃபெல் இன் த பாத்ரூம் அண்ட் ஃபிராக்சர்ட் ஹெர் லெஃப்ட் ரிஸ்ட்." ஒரே எழுவாய், ஆகவே 'அண்ட்'டுக்கு முன் கமா இல்லை. உங்கள் வாக்கியம் வேறு மாதிரி வந்திருந்தாலும் தவறில்லை. ஒவ்வொரு முற்றுக்கும் எழுவாய் கிடைத்ததா, அந்த நர்ஸுக்குத் தேவையான இரண்டு செய்தியும் முதன்மைத் தொடரில் உட்கார்ந்ததா என்று மட்டும் சரிபாருங்கள்.