ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர்தான்

வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டால் சுடுதண்ணீர் பக்கமே போகாதீர்கள். உடனே பச்சைத்தண்ணீரில் அலசி, என்சைம் கலந்த சோப்புத்தூளில் அரை மணி நேரம் ஊற வையுங்கள் (பாக்கெட்டில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்). திருப்பூர் பனியன் கம்பெனியில் ஊசி குத்தி விழும் பொட்டுக்கும் இதே வைத்தியம்தான்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஆல்புமின் போன்ற புரதங்கள் இருக்கின்றன. சூடு பட்டதும், முட்டை வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதுபோல, அவை மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று பிணைந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். தூளில் உள்ள புரோட்டியேஸ் என்ற என்சைம் அந்தப் புரதச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். கொதிநீர் ஊற்றினால் அதுவும் செயலிழந்துவிடும்.

இஸ்திரி போட்ட பழைய கறையில் இது அவ்வளவாக எடுபடாது. சிறுமுகைப் பட்டுச்சேலைக்கு என்சைம் தூள் வேண்டவே வேண்டாம். பட்டே புரதம்தான், இழையையும் அரித்துவிடும். அதற்கு வெறும் பச்சைத்தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.