காற்றைப் பார்த்துச் சைக்கிளை எடுங்கள்: யாழ்ப்பாணத்து மண்பாதைகளில் முதல் ஓட்டம்

மலைக்காட்டுக்குள் வாகனமே இல்லாத கிறவல் (சரளைக்கல்) பாதையில் சைக்கிள் ஓடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "எங்கட ஊரில் இதுக்கு இடமில்லை" என்று சொல்லும் இளம் ஆட்கள் நிறையப் பேர். மலை இல்லை என்பது உண்மைதான். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் தட்டையான நிலம். ஆனால் இந்த ஓட்டத்துக்கு மலை கட்டாயமில்லை. தார் போடாத, வாகனம் வராத, ஒன்றோடொன்று தொடுக்கக்கூடிய பாதைகள் வேண்டும். அவை எங்களிடம் ஏராளம்: தோட்டத்து ஒழுங்கைகள், பனங்கூடலுக்குள் போகும் மணல் வழிகள், தரவைகளுக்கு (மாடு மேயும் திறந்த வெளிகளுக்கு) நடுவே மாடுகள் நடந்து விழுந்த தடங்கள், கடனீரேரிக் கரை அணைகள். ஒவ்வோர் ஆண்டும் இவற்றில் சில காப்பெற் வீதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஊர்ச்சனத்துக்கு அது தேவை. மிச்சம் இருப்பவற்றை இப்போதே ஓடிப் பாருங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: வீட்டில் இருக்கும் சைக்கிளே போதும்

வெளிநாட்டில் இதற்கென்று விற்கும் சைக்கிள்களின் ரயர் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீற்றர் அகலம். அப்பப்பா ஓடிய பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ ரயர் 40 மில்லிமீற்றர். அதாவது கிறவலுக்கு ஏற்ற அகலம் ஏற்கெனவே உங்கள் விறாந்தையில் சாத்திக் கிடக்கிறது. 26 × 1⅜ ரயர் போட்ட சைக்கிள் என்றால் 37 மில்லிமீற்றர், அதுவும் நல்லது. மவுண்டன் சைக்கிள் வைத்திருந்தால் மணலில் உங்களுக்குத்தான் வசதி. மெல்லிய ரயர் போட்ட பந்தய சைக்கிளை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

வெளிக்கிட முன் மூன்று இடத்தைப் பாருங்கள். இரண்டு பிறேக்கும் பிடிக்கின்றனவா, கம்பிப் பிறேக் என்றால் கட்டைகள் தேய்ந்துபோய் இருக்கின்றனவா? செயினில் எண்ணெய் இருக்கிறதா? சீற்றின் உயரம் சரியா? குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் முழங்கால் நேராக வேண்டும். எங்கள் ஆட்கள் பலர் சீற்றை மிகவும் பதித்து வைத்து ஓடுவதால்தான் சீக்கிரமே முழங்கால் நோகிறது.

படி 2: ரயரில் காற்றைக் குறையுங்கள்

கல்லுப் போலக் காற்றடித்தால்தான் சைக்கிள் இலகுவாக ஓடும் என்பது தார் வீதிக்குத்தான் பொருந்தும். கிறவலில் அப்படி அடித்த ரயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், மணலில் தாழும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மில்லிமீற்றர் ரயரில் பின்சில்லுக்கு 45, முன்சில்லுக்கு 40 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். இரண்டு அங்குல மவுண்டன் ரயருக்கு 30–35 போதும். மணலுக்குள் இறங்கும்போது இன்னும் ஐந்து குறையுங்கள். பெற்றோல் செற்றில் அடிக்காமல் கைப்பம்பில் அடியுங்கள். அப்போதுதான் அளவு உங்கள் கையில் இருக்கும்.

குறைத்தது கூடிப்போனால் ரயரே சொல்லும். பஞ்சரான ரியூபில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை இருந்தால் அது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசிந்தது. அடுத்த முறை காற்றைக் கூட்டுங்கள். ஒரே ஓட்டை என்றால் முள். எங்கள் பக்கத்தில் அது அனேகமாக நெருஞ்சி. மழை ஓய்ந்து காய்கிற மாதங்களில் தரவை ஓரங்களில் அது படர்ந்து கிடக்கும். உடைமரத்தடியில் காய்ந்து விழுந்த முள் அதைவிட நீளம். ஆகவே கைப்பம்ப், ஒட்டுச் சாமான், ஒரு ரியூப், ரயர் கழற்றும் லீவர் இரண்டு, பழைய வகை வால்வு என்றால் அதற்குள் போடும் சின்ன றப்பர் குழாய் ஒன்று, இவை இல்லாமல் போகாதீர்கள். ஒட்டி முடித்த பிறகு ரயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் அரை மைலில் திரும்பவும் இறங்க வேண்டிவரும்.

படி 3: காலில் மிதிபடும் மண் எது?

குடாநாட்டுக்குள்ளேயே நான்கு விதமான தரை உண்டு. வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகள் (கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம்) காய்ந்திருக்கையில் ஓட மிக நல்லவை. நனைந்தால் மண் சில்லில் ஒட்டி மட்காட்டுக்குள் இறுகி, சில்லே சுற்றாது. மக்கி (சுண்ணக்கல் கிறவல்) போட்ட வெள்ளை வீதிகள் எந்தக் காலத்திலும் ஓடலாம். வெயிலில் கண் கூசும், குழிகளுக்குள் மழைத்தண்ணி நின்றால் ஆழம் தெரியாது. தரவை மாரியில் சேறு. மாசி பிறந்து காய்ந்த பிறகு அதைவிட நல்ல பாதை இல்லை. கடைசியாக வடமராட்சி கிழக்கு மணல். அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும், கீழே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு மிக நல்ல காலம் தை கடைசி முதல் பங்குனி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிராது, கடனீரேரிகளில் வலசை வந்த பறவைகள் இருக்கும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மக்கி வீதிகளோடு நில்லுங்கள்.

படி 4: காற்றுத்தான் எங்கள் ஏற்றம்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மலைநாட்டில் ஓடுபவர் ஏற்றத்தைப் பார்த்துப் பாதை போடுவார். நாங்கள் காற்றைப் பார்த்துப் போட வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து வீசும். மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து வரும். திறந்த வெளியில் எதிர்க்காற்றுப் பிடித்தால் மட்டமான நிலத்திலும் மூச்சு வாங்கும். மறைப்புக்கு ஒரு மரமும் இராது.

விதி எளிது: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. உதாரணத்துக்குப் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போவதைப் பாருங்கள். திசை ஏறக்குறைய தென்மேற்கு. சோளகத்தில் போகும்போது கஷ்டம், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். வாடையில் இது தலைகீழ். போகும்போது பறப்பீர்கள், "நான் நல்லாத்தான் ஓடுறன்" என்று நினைத்துப் புங்குடுதீவு வரைக்கும் போய்விடுவீர்கள், பிறகு முழுத்தூரமும் முகத்தில் காற்று. புதிதாக ஓடுபவர்கள் களைத்துப்போய்ப் பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற முடியுமா என்று கேட்டு நிற்பது இப்படித்தான். வாடைக்காலத்தில் தீவுப்பக்கம் போவதென்றால் பாதித் தூரத்தோடு திரும்புங்கள்.

காலையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். விடியும்போது வெளிக்கிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்புவதுதான் எங்கள் காலநிலைக்குச் சரி.

படி 5: பாதையைத் தொடுப்பது

முதல் ஓட்டம் 15 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம். மண்பாதையில் நின்று நின்று போனால் மணித்தியாலத்துக்கு 10 கிலோமீற்றர் என்று கணக்கு வையுங்கள்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள்; சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அதில் விட்டுவிட்டுப் போகும் கோடுகள்தான் உங்கள் பாதைகள். பிறகு செய்மதிப் படத்தில் அதே இடத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு மக்கி, செம்பழுப்பு செம்மண், கறுப்பு அல்லது கடும் சாம்பல் தார். ஒழுங்கைகளைத் தொடுத்து ஒரு வட்டமாக்குங்கள்; பிரதான வீதியைக் குறுக்கே கடக்கலாம், நெடுக ஓட வேண்டாம்.

ஆனால் வரைபடம் பாதிதான். மிச்சப் பாதி வேலியடியில் நிற்கும் ஆளிடம் இருக்கிறது. இறங்கி நின்று கேளுங்கள். "ஐயா, இந்த ஒழுங்கையால போனா குளத்தடிக்குப் போகலாமோ?" என்றால், "போகலாம் தம்பி, மதகடியில தண்ணி நிண்டா இறங்கி உருட்டும்" என்று வரைபடத்தில் இல்லாத ஒன்று கிடைக்கும். தோட்டத்துக்குள்ளால் போகும் வழி என்றால் கேட்காமல் நுழையாதீர்கள். படலை திறந்து போனால் மூடிவிட்டுப் போங்கள்.

படி 6: போகக்கூடாத இடங்கள்

முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கம் போரின் முன்னரங்காக இருந்த, கண்ணிவெடி புதைத்த நிலம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புக் கட்டையோ கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்க வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் அந்தப் பகுதிகளில் சனம் நாளாந்தம் பாவிக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம், பற்றைக்குள் ஒதுங்கவும் வேண்டாம். வலிகாமம் வடக்கில் வரைபடத்தில் நேராகப் போகும் வீதி தரையில் இராணுவ முட்கம்பி வேலியில் முடியலாம். திரும்பிவிடுங்கள், சுற்றுப்பாதை தேடி வேலியோரம் அலைய வேண்டாம். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. எல்லைக்குள் போக அனுமதி வேண்டும். ஆனையிறவு தாண்டி வன்னிக் காட்டுப் பாதைகளில் யானை உண்டு. முதல் வருடம் குடாநாட்டுக்குள்ளேயே ஓடுங்கள்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தால் அனேகமாக விட்டுவிடும். கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்கு. விழுந்து எழும்ப முடியாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸ்.

படி 7: ஓடும் முறை

கிறவலில் கையை இறுக்காதீர்கள், முழங்கை மடிந்திருக்கட்டும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். வளையும்போது முன்பிறேக் பிடித்தால் சில்லு வழுக்கும்.

மணலில் சைக்கிள் தானே கொஞ்சம் ஆடும், ஆட விடுங்கள். சீற்றில் பின்னுக்கு இருந்து, கியர் இருந்தால் இலகுவானதில் போட்டு, நிறுத்தாமல் மிதியுங்கள். ஹான்டிலைத் திருப்பாமல் உடம்பைச் சாய்த்துத் திசை மாற்றுங்கள். பார்வை சில்லடியில் வேண்டாம், பத்து மீற்றர் முன்னுக்கு இருக்கட்டும். மிதிப்பு நின்றால் இறங்கித்தான் உருட்ட வேண்டும், அதில் ஒரு குறைவும் இல்லை.

தண்ணி மணித்தியாலத்துக்கு அரை லீற்றராவது வேண்டும். தீவுகளிலும் கரையோரங்களிலும் பல கிணறுகள் உவர், ஆகவே முழுத் தண்ணியையும் வீட்டில் இருந்தே கொண்டுபோங்கள். சாப்பாட்டுக்குக் கதலி வாழைப்பழமும் பனாட்டும் (காயவைத்த பனம்பழக் களி) போதும். பனாட்டு வெயிலில் பழுதாகாது, சட்டைப்பைக்குள் வைத்தே கடிக்கலாம்.

எங்கே ஓடலாம்?

முதலில் உங்கள் ஊர் ஒழுங்கைகள். இரண்டு மூன்று கிழமை அங்கேயே பழகுங்கள். பிறகு சரசாலைக் குருவிக்காடு, கப்பூது வெளி. மட்டமான தரை, இரு பக்கமும் நீரும் கண்டல் மரமும், வாகனம் அரிது. கொக்கும் நாரையும் நிற்கும் இடத்தில் சத்தம் போடாமல் போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வல்லிபுரம்–மணற்காடு பக்கம். வல்லிபுர ஆழ்வார் கோயிலில் தண்ணி குடித்துவிட்டு, பருத்தித்துறை–மருதங்கேணி வீதியை விட்டுக் கடல் பக்கமாகத் திரும்பினால் பனையும் மணலும்தான். மணற்காட்டில் மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களைப் பாருங்கள். அருகில் சவுக்கங்காடு, காடு வழியாக ஓடும் அனுபவம் குடாநாட்டில் கிடைப்பது இங்கேதான். உதிர்ந்த சவுக்கஞ் சருகு மணலை இறுக்கிப் பிடிப்பதால் மரங்களுக்குக் கீழே சில்லு தாழாது. ஆனால் திறந்த மணல்மேடுகளில் ஏற வேண்டாம். இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும்தான் அந்த மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு சில்லுத் தடம் அவற்றை அறுத்தால் காற்று அந்த இடத்தில் இருந்து மணலை அள்ளத் தொடங்கும். ஏற்கெனவே களவாக மண் அள்ளியதால் நொந்த கரை அது.

இவை கைவந்த பிறகு நெடுந்தீவு. குறிகட்டுவானில் இருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சைக்கிளை ஏற்றலாமா என்றும் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்றும் இறங்குதுறையில் முதலே கேளுங்கள். தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர், வாகனங்கள் குறைவு, ஒழுங்கைகளின் இரு பக்கமும் பவளக்கல் அடுக்கிய மதில்கள். பருத்த அடிமரமுள்ள பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, மேற்குப் பக்கத்துப் புல்வெளிகளில் மட்டக்குதிரைகள். குதிரைகளைத் துரத்திக்கொண்டு படம் எடுக்க வேண்டாம். அங்கே நிழல் மிகக் குறைவு, தண்ணியை இரட்டிப்பாக்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

உப்புக் காற்றும் மணலும் இரும்பைத் தின்னும். அன்றைக்கே நல்ல தண்ணியில் சைக்கிளைக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஓட்டத்து மணல் அதில்தான் ஒட்டும். ரயரைச் சுற்றிப் பார்த்து ஏறியிருக்கும் நெருஞ்சியைப் பிடுங்கி எடுங்கள். இரவில் காற்று இறங்கினால் அந்த ரியூபை மறுநாளே ஒட்டி வையுங்கள்.