வேகமெடுத்தால் மங்கிய ஃபிஷ் ஃபைண்டர்

மலேசியாவின் பாகான் டத்தோவில் தோட்டத்து வேலை. விடுமுறையில் பேராக் ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில். படகு நின்றால், ஒலி அலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் அடித்தரை பளிச்சென்று தெரியும். வேகமெடுத்தால் திரை முழுக்கப் புள்ளிகள், ஆழ எண்ணும் காணாமல் போகும். பெட்டியே போச்சு, புதுசு வாங்கு என்றார் மச்சான். அவருக்கு எல்லாமே புதுசுதான்!

என்ஜினை நியூட்ரலில் வைத்து முறுக்கினேன், திரை கலங்கவில்லை. அப்படியென்றால் என்ஜினிலிருந்து வரும் மின் இரைச்சல் இல்லை, படகு ஓடும்போது அடியில் எழும் காற்றுக் குமிழிதான். குமிழி மறித்தால் ஒலி அலை தரைக்குப் போய்த் திரும்பாது. அந்த அலையை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர் முகத்தில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிரி) வேறு ஒட்டியிருந்தது. கத்தி கீறிவிடும் என்று மரச் சிம்பால் மெல்லச் சுரண்டினேன். அப்புறம் டிரான்ஸ்டியூசரைப் படகின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, பின்முனை லேசாகத் தாழும்படி திருகினேன். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, ஏற்றினால் புள்ளிகள்தான் கூடும். ஆழம் குறைந்த இந்தத் தண்ணீருக்கு 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி அலை தாராளம். இப்போது வேகத்திலும் தரைக்கோடு அறுவதில்லை.