ஹேவ்லாக் போகிறீர்களா? திரும்பி வரும் நாளிலிருந்து திட்டம் போடுங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் விமான நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வரை விமானம், அங்கிருந்து துறைமுகத்துக்கு டாக்சி, பிறகு ஃபெர்ரி, தீவில் இறங்கியதும் ஆட்டோ என்று நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் வலுவில்லாத கண்ணி கடல்தான். விமானம் தாமதமானால் சில மணி நேரம் போகும். கடல் கொந்தளித்தால் இரண்டு மூன்று நாள்கூடப் போய்விடும். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் நாளை முதலில் குறித்துக்கொண்டு முன்னோக்கிப் போகாதீர்கள். திரும்பி வரும் விமானத்தைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள்.

அப்படி வந்தால் முதலில் தட்டுப்படும் விதி இது: கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து காலை ஃபெர்ரி, மதியம் சென்னை விமானம் என்று போடுவது கணக்கில் சரியாகத்தான் வரும், ஆனால் காற்று அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. 2016 டிசம்பரில், பிறகு வர்தாவாக வந்து சென்னையைப் புரட்டிப் போட்ட அதே புயல்சின்னம் அந்தமான் பக்கம் இருந்தபோது, ஹேவ்லாக்கிலும் பக்கத்திலுள்ள நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை ஏற்றி வந்தன. எப்போதும் அந்த அளவுக்குப் போகாது. ஒரு நாள் ஃபெர்ரி ரத்தாவது மழைக்காலத்தில் சாதாரணம்.

கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஹேவ்லாக் போகிறவர்களில் பலர் ஸ்கூபா டைவிங் செய்கிறார்கள். ஆழத்தில் மூச்சு விடும்போது உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், கேபினில் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழாகி மூட்டுவலியிலிருந்து நரம்புப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம் விடுங்கள். ஒரு ராத்திரி தங்குவதில் இரண்டு ஆபத்தும் விலகுகிறது.

முன்பதிவு செய்யும் முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்குக்கு 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீப் என்று பெயர். நீல் தீவு ஷஹீத் தீப் ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட் தளங்களில் ஒன்றில் பழைய பெயர், இன்னொன்றில் புதிய பெயர் இருக்கும். விமான நிலையத்தின் ஐ.எக்ஸ்.இசட். என்ற குறியீடு மாறவில்லை, அதைப் போட்டுத் தேடினால் தவறாது.

எதை முதலில் பதிவு செய்வது

பலரும் விமானம், ஹோட்டல், கடைசியாக ஃபெர்ரி என்று போகிறார்கள். ஃபெர்ரியில் இடம் இல்லையென்றால் மற்ற இரண்டும் வீண். முதலில் நீங்கள் போகும் தேதிகளில் ஃபெர்ரி நேரங்களைப் பாருங்கள். பிறகு விமானத்தைப் பதிவு செய்து, அதே நாளில் ஃபெர்ரியையும் போட்டுவிடுங்கள். ஹோட்டல் கடைசியாக இருக்கட்டும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை கூட்டம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். துர்கா பூஜை விடுமுறையில் கொல்கத்தாவிலிருந்து வரும் கூட்டத்தைத் தமிழ்நாட்டுக்காரர்கள் எதிர்பார்ப்பதில்லை. அந்த வாரத்தில் ஃபெர்ரி இடங்கள் வெகு முன்பே தீர்ந்துவிடும்.

பருவம் பார்த்துப் போவது பாதி வேலையை முடித்துவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. மே பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதன் பிறகு வங்கக் கடலில் புயல்சின்னங்கள் உருவாகும் காலம், அது டிசம்பர் வரை நீளும். மே மாதத்திலும் புயல் வரலாம். இந்த மாதங்களில் போவதில் தவறில்லை. ஆனால் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாளை உபரியாக வையுங்கள்.

சென்னையில் ஏறுவது

போர்ட் பிளேர் விமானங்களில் பல விடியற்காலையில் கிளம்பும். மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது, 5 மணி, 6 மணி விமானத்துக்கு அது உதவாது. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம், விமான நிலையம் எதிரே. ஆனால் இரவு ரயில் விடிகாலையில்தான் வந்து சேரும். அதே நாள் முதல் விமானத்தை நம்பி அந்த ரயிலில் ஏறாதீர்கள். உள்நாட்டு விமானங்களுக்கு டி1, டி4 என இரண்டு முனையங்கள். டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டே ஆட்டோவிலோ டாக்சியிலோ இறங்குங்கள்.

வானத்தில் இரண்டேகால் மணி நேரம் அளவில் ஆகும். போர்ட் பிளேர் ஓடுபாதையைக் கடற்படையும் பயன்படுத்துகிறது. அதன் ஒரு முனையில் மலை இருப்பதால் விமானங்கள் வழக்கமாகத் தென்மேற்கிலிருந்து வந்து இறங்கி, வந்த திசையிலேயே திரும்பி எழும்பும். மழைக்காலத்தில் வீசுவதும் தென்மேற்குக் காற்று. ஆக, இறங்கும் விமானத்தைக் காற்று முதுகில் தள்ளும். அளவு மீறினால் தரையிறங்க முடியாது. வானத்தில் வட்டமடித்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிய விமானங்கள் உண்டு. காலை விமானம் என்றால், காற்று ஏறுவதற்கு முன் இறங்கிவிட வாய்ப்பு அதிகம். விலை கொஞ்சம் கூடினாலும் காலை விமானத்தையே எடுங்கள்.

இன்னொரு காரணம் சூரியன். அந்தமானும் இந்திய நேரத்தைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் அந்த நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகைக்கு 10 பாகை கிழக்கே இருக்கிறது, அதாவது சுமார் 40 நிமிட வித்தியாசம். டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மதியம் போய் இறங்குகிறவருக்கு அந்த நாள் போயே போய்விட்டது.

இறங்கிய அன்றே ஃபெர்ரி ஏறலாமா

ஏறலாம், இடைவெளி இருந்தால். கணக்கு இப்படி: பெட்டி வந்து வெளியே வர அரை மணி. துறைமுகத்துக்கு டாக்சியில் 20 நிமிடம். ஃபெர்ரி கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும், அடையாள அட்டை பார்த்துப் பெட்டியைச் சோதிப்பார்கள். இதற்கே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. விமானத் தாமதத்துக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும். தரையிறங்கும் நேரத்துக்கும் ஃபெர்ரி நேரத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் இல்லையென்றால் முதல் இரவைப் போர்ட் பிளேரில் போட்டு, மறுநாள் காலை ஃபெர்ரியைப் பிடியுங்கள். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் நேரம் இருந்தாலும் இதுதான் சரி.

டாக்சிக்காரரிடம் "ஜெட்டி" என்று மட்டும் சொல்லாதீர்கள். மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் படகுகள் வழக்கமாக ஹாட்டோ துறையிலிருந்து கிளம்பும். அரசு ஃபெர்ரிகள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து. இரண்டும் வேறு வேறு வாசல். டிக்கெட்டில் உள்ள துறையின் பெயரைக் காட்டுங்கள்.

தனியார் படகு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஹேவ்லாக் சேரும். கட்டணம் ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி, இருக்கை வகுப்புக்கு ஏற்ப ஏறும். வேகமான படகுகளில் கண்ணாடி மூடிய ஏ.சி. அறைக்குள்ளேயே உட்கார்ந்து வர வேண்டும். வெளியே நின்று காற்று வாங்க முடியாது. மேல்தளம் வேண்டுமென்றால் கிரீன் ஓஷன் போன்ற, சற்று மெதுவான படகைப் பாருங்கள்.

அரசு ஃபெர்ரி இரண்டரை மணி நேரம் அளவில் ஆகும், கட்டணம் பல மடங்கு குறைவு. கப்பல் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் டிக்கெட் எடுக்கலாம். ஆனால் அது தீவுவாசிகளுக்கான போக்குவரத்து. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அவர்கள் போகிற வழி அதுதான், இடங்களிலும் அவர்களுக்கே முன்னுரிமை. அது நியாயம். பயண நாளுக்குச் சில நாட்கள் முன்புதான் முன்பதிவு திறக்கும் என்பதால், சுற்றுலா வருகிறவர் முழுத் திட்டத்தையும் அதன்மேல் கட்டக் கூடாது. தனியார் படகு ரத்தாகும் நாளில் மாற்று வழியாக அதை மனதில் வையுங்கள். உடல் கனமான கப்பல் என்பதால் தனியார் படகு போகாத அலையிலும் சில சமயம் அது போகும்.

குமட்டலுக்கு முன்னெச்சரிக்கை வேண்டும். அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் தங்காது. குழந்தைகள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடட்டும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பூரியும் ஆகாது. இரண்டு இட்லி போதும். இருக்கை தேர்வு செய்ய முடிந்தால் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கம் எடுங்கள். முன்பக்கம்தான் அதிகம் ஏறி இறங்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வந்தால் குமட்டல் சீக்கிரம் வரும், தொடுவானத்தைப் பாருங்கள். பெரிய பெட்டியை ஏறும்போதே வாங்கி அடுக்கிவிடுவார்கள். மாத்திரை, அடையாள அட்டை, பணம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

தீவுக்குள்

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண்தான் முகவரி. படகுத்துறை பக்கம் 1, கோவிந்த் நகர் 3, விஜய் நகர் 5, மேற்குப் பக்கம் ராதாநகர் 7. தங்கும் இடங்களில் பெரும்பாலானவை 3-க்கும் 5-க்கும் நடுவே. படகுத்துறையிலிருந்து ராதாநகர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். செயலியில் வண்டி கூப்பிடுவதை மறந்துவிடுங்கள். ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். வாடகை ஸ்கூட்டர் எடுப்பதானால் அசல் ஓட்டுநர் உரிமம் வேண்டும். எடுக்கும் முன் வண்டியின் கீறல்களைப் படம் பிடித்து வையுங்கள். ராதாநகரில் சூரியாஸ்தமனம் பார்த்துவிட்டுத் திரும்பும் சாலையில் வெளிச்சம் மிகக் குறைவு, மாடுகள் படுத்திருக்கும்.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் போடப்பட்ட 2,300 கி.மீ. கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய பிறகு இணையம் முன்னைவிட நன்றாக இருக்கிறது. இருந்தாலும் எல்லா டிக்கெட்டையும் காகிதத்தில் எடுத்து வாருங்கள். ஏ.டி.எம். சிலதான், பணம் தீர்ந்துபோவதும் உண்டு.

நீல் தீவையும் சேர்ப்பதானால் ஒரு முக்கோணமாகப் போங்கள். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், போர்ட் பிளேர். ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரத்துக்குள். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் படகு நிரம்பியிருந்தால் அதே முக்கோணத்தை எதிர்த்திசையில் தேடுங்கள், பல சமயம் இடம் கிடைக்கும். ஏழு நாள் இருந்தால்: முதல் இரவு போர்ட் பிளேர், மூன்று இரவு ஹேவ்லாக், ஒரு இரவு நீல், கடைசி இரவு போர்ட் பிளேர், ஏழாம் நாள் விமானம். ஐந்து நாள்தான் என்றால் நீலை விடுங்கள், கடைசி இரவை விடாதீர்கள்.

தரகர்கள் இதோடு பாராடாங் சுண்ணாம்புக் குகைப் பயணத்தையும் சேர்த்து விற்பார்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து, குறித்த நேரத்தில் வரிசையாக விடுவார்கள். காலை 6 மணி வரிசையைப் பிடிக்க விடியற்காலை மூன்று, மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். வழியில் நிறுத்துவது, படம் எடுப்பது, உணவு கொடுப்பது எல்லாம் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. ஒரு குகைக்காக அந்த மக்களின் காட்டை ஊடுருவிப் போகத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். அந்த நாளை நீலில் கழிப்பது நல்லது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2018-லிருந்து 30 தீவுகளில் சிறப்பு அனுமதி தேவைப்படுவதில்லை. ஹேவ்லாக்கும் நீலும் அதில் உண்டு. பாகிஸ்தான், சீனா, ஆப்கானிஸ்தான் குடிமக்களுக்கு இந்தத் தளர்வு இல்லை. கடவுச்சீட்டு, விசா நகல்கள் நாலைந்து கையில் இருக்கட்டும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து நேராகக் கப்பலிலும் போகலாம். மூன்று நாள் அளவில் ஆகும், மாதத்துக்குச் சில கப்பல்தான். ராஜாஜி சாலை ஜவஹர் கட்டடத்தில் உள்ள இந்தியக் கப்பல் கழக அலுவலகத்தில் விசாரிக்கலாம். போக வர நேரம் இருப்பவர்களுக்கு மட்டும் அது சரிவரும்.

திரும்பும் ஃபெர்ரிக்கு முந்தின மாலையே வானிலை அறிவிப்பைப் பாருங்கள், படகு நிறுவனத்துக்கும் ஒரு போன் போடுங்கள். துறைமுகத்தில் 3-ம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்றால் மறுநாளுக்காகக் காத்திராதீர்கள். அன்றே கிடைக்கும் எந்தப் படகிலாவது போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். நிறுவனமே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும், நீங்களாக விட்டுவிட்டால் பிடித்தம் போகும். அந்த நஷ்டம், தவறவிட்ட விமான டிக்கெட்டைவிடச் சிறியது. கிளம்பும் முன் குழந்தைகளின் பையையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். கரையில் பொறுக்கிய பவளத் துண்டோ சங்கோ இருந்தால் கடலிலேயே போட்டுவிடுங்கள், விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.