சைல்ட்கேர் படித்து ஆஸ்திரேலிய பி.ஆர்.: கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்

போன வாரம் ஊரிலிருந்து சித்தி மகள் அழைத்தாள். "அக்கா, மெல்பர்ன்ல சைல்ட்கேர் டிப்ளமோவுக்குப் பணம் கட்டப் போறேன். முடிச்சா பி.ஆர். உறுதின்னு ஏஜென்ட் சொல்றாங்க." பி.ஆர். என்றால் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. நல்லவேளை, கட்டுவதற்கு முன்னால் அழைத்தாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நான் மெல்பர்னில் கிண்டர் ஆசிரியை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கு முன் போகும் இடத்தை இந்த ஊரில் கிண்டர் என்பார்கள். திருநெல்வேலியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே வந்து முதுகலை படித்து, அதே வேலையை வைத்து பி.ஆர். வாங்கினேன். கீழே உள்ள விதிகளும் தொகைகளும் 2025இல் இருந்தபடி எழுதியவை. இவை அடிக்கடி மாறும். பணம் கட்டும் நாளில் ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தத் தொழில் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் ஆட்கள் கல்லூரி எது, கட்டணம் எவ்வளவு என்றுதான் தொடங்குவார்கள். அது தலைகீழ். பி.ஆர். கேட்கும்போது உங்கள் தொழிலைப் பெயர் சொல்லி, எண் சொல்லி எழுத வேண்டும். அந்தப் பெயருக்கு எந்தப் படிப்பு பொருந்துமோ அதில்தான் சேர வேண்டும்.

இங்கே மூன்று அடுக்கு உண்டு. சர்டிஃபிகேட் 3 முடித்தால் எஜுகேட்டர். டிப்ளமோ முடித்தால் ஓர் அறையின் பொறுப்பு, அதாவது ரூம் லீடர் வேலை கிடைக்கும். ஆசிரியர் பட்டப்படிப்பு முடித்தால் எர்லி சைல்ட்ஹுட் டீச்சர். மூவரும் ஒரே அறையில், ஒரே பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. குடியேற்றச் சட்டத்துக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நேரடியாக பி.ஆர். தரும் 189 விசாவின் தொழில் பட்டியலில் எர்லி சைல்ட்ஹுட் டீச்சர் இருக்கிறது. எண் 241111. டிப்ளமோ படித்தவர் செய்யும் சைல்ட் கேர் வொர்க்கர் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. சென்டர் மேனேஜர் இருக்கிறது, ஆனால் அதற்கு சென்டரை நிர்வகித்த அனுபவம் வேண்டும். படிப்பு முடித்த கையோடு அதைக் காட்ட முடியாது.

டிப்ளமோ கெட்ட படிப்பு இல்லை. என்னோடு வேலை பார்ப்பவர்களில் மிகத் திறமையானவர்கள் சிலர் டிப்ளமோ படித்தவர்கள்தான். "டிப்ளமோ முடித்தால் பி.ஆர்." என்ற வாக்கியம்தான் பொய். அதை நம்பி வந்து, இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் முதலிலிருந்து பட்டப்படிப்புக்குப் பணம் புரட்டிய பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி என் அறைத்தோழி. அவளுடைய அப்பா இரண்டாவது தடவை நிலத்தை அடகு வைத்தார்.

படி 2: இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா?

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் மன்றாடிச் சொல்வது இதுதான்.

விக்டோரியாவில் மூன்று வயதுக்குக் கீழே நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்று வயதுக்கு மேல் பதினொரு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது சட்டம். காலை ஏழரை மணிக்கு ஓர் அப்பா வேலைக்கு ஓடும் அவசரத்தில் பதினெட்டு மாதக் குழந்தையை உங்கள் கையில் கொடுப்பார். அது அவர் சட்டையை விடாது. விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். பிறகு இருபது நிமிடம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்ற மூன்று பேருக்கும் வாழைப்பழம் நறுக்கித் தர வேண்டும். மதியம் தூங்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு கட்டிலுக்கு நடுவே உட்கார்ந்து, வலது கையால் ஒன்றையும் இடது கையால் இன்னொன்றையும் தட்டிக்கொடுப்போம். இரண்டுக்கும் தாளம் வேறு. ஒன்றுக்கு முதுகில் மெதுவாக, மற்றதற்குப் பின்பக்கத்தில் கொஞ்சம் வேகமாக. மாறினால் இரண்டும் எழுந்துவிடும். நாள் முழுக்க டயப்பர், மூக்குச்சளி, குனிந்து நிமிர்வது. சாயங்காலம் முழங்கால் பேசும்.

அப்புறம், நம் ஊர் எல்.கே.ஜி. மாதிரி அ, ஆ எழுத வைப்பது இங்கே இல்லை. பாடத்திட்டத்தின் அடிப்படையே விளையாட்டு. ஒரு பிள்ளை தண்ணீரை ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் நிறுத்தக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன யோசிக்கிறது என்று கவனித்து எழுத வேண்டும். அந்தக் குறிப்பை அம்மா அப்பா படிப்பார்கள். அதனால் எழுத்து ஆங்கிலம் தினமும் தேவைப்படும்.

ஊரில் இருக்கும்போதே தெரிந்த பாலர் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கேட்டு இரண்டு வாரம் முழு நாளாக இருந்து பாருங்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, ஒரு பிள்ளை சொன்னதை நினைத்துச் சிரிக்கிறீர்களா, இல்லை தலைவலி மட்டும்தானா? பின்னது என்றால் விட்டுவிடுங்கள். பி.ஆர். வந்த பிறகும் பல ஆண்டு இதே வேலைதான். அதைவிட, பிடிக்காமல் வருபவரின் கையில் பேசத் தெரியாத குழந்தை இருப்பது எனக்குப் பொறுக்காது.

படி 3: படிப்பைத் தேர்வு செய்வது

இளங்கலை முடித்தவர் என்றால் மாஸ்டர் ஆஃப் டீச்சிங், அதிலும் எர்லி சைல்ட்ஹுட் பிரிவு. இரண்டு ஆண்டுப் படிப்பாகப் பாருங்கள். பிளஸ் டூ மட்டும் என்றால் நான்கு ஆண்டு இளங்கலை. ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் சரிபார்க்க வேண்டும்.

ஒன்று, வெளிநாட்டு மாணவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட படிப்பா, அதாவது கிரைகோஸ் எண் இருக்கிறதா? இரண்டு, அசெக்வா என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் எர்லி சைல்ட்ஹுட் டீச்சர் தகுதியாக அந்தப் படிப்பு இருக்கிறதா? பெயர் ஒரே மாதிரி இருக்கும், ஒரு எழுத்து விடாமல் பொருத்திப் பாருங்கள். மூன்று, கண்காணிப்போடு கூடிய பயிற்சி நாள் எத்தனை? எய்ட்சல் என்ற அமைப்புதான் கடைசியில் உங்கள் ஆசிரியர் தகுதியை மதிப்பிடும். அது குறைந்தது 45 நாள் கேட்கும். மொத்தம் நான்கு ஆண்டு உயர்கல்வியும் கேட்கும். நம் மூன்று ஆண்டு பட்டமும் இங்கே இரண்டு ஆண்டும் சேர்ந்தால் அது நிறைந்துவிடும்.

ஊரையும் யோசியுங்கள். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர மற்றவை குடியேற்றக் கணக்கில் ரீஜனல். அடிலெய்டு, பெர்த் போன்ற பெரிய நகரங்களும் அதில் சேர்த்தி. பி.ஆர். கேட்கும்போது வயது, படிப்பு, ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவார்கள் (கணக்கு படி 7இல்). அங்கே படித்தால் அதில் கூடுதலாக 5 புள்ளி. வாடகையும் சிட்னி அளவுக்கு இருக்காது.

கல்வி ஏஜென்ட் வேறு, குடியேற்ற ஏஜென்ட் வேறு. முதல் ஆளுக்குக் கல்லூரி கமிஷன் தரும். பி.ஆர். பற்றி ஆலோசனை வேண்டுமென்றால் ஆஸ்திரேலிய அரசிடம் பதிவு செய்த குடியேற்ற ஏஜென்டிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படி 4: ஐஈஎல்டிஎஸ், இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மாணவர் விசாவுக்கு ஒரு மதிப்பெண், பல்கலைக்கழகத்துக்கு இன்னொன்று. ஆசிரியர் படிப்பு என்பதால் பல இடங்களில் 7 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். அதை வாங்கிவிட்டால் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன்.

எய்ட்சல் மதிப்பீட்டுக்கு அகாடமிக் ஐஈஎல்டிஎஸ் தேர்வில் படிப்பதிலும் எழுதுவதிலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 வேண்டும். ஒரே தேர்வில் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் நான்கு ஆண்டு உயர்கல்வி படித்தவருக்கு விலக்கு உண்டு. இந்தியாவில் மூன்று ஆண்டு, இங்கே இரண்டு ஆண்டு படித்தவருக்கு இல்லை. அதாவது, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே முதுகலை முடித்து, கிண்டரில் வேலையும் பார்த்துக்கொண்டு, இந்தத் தேர்வை எழுதியே தீர வேண்டும். எனக்கு மூன்று தடவை ஆனது. இரண்டு முறை எழுத்தில் அரைப் புள்ளியில் போனது.

கேட்பதில் 8 என்றால் நாற்பதில் 35 சரியாக இருக்க வேண்டும். ஐந்து தவறுதான் செய்யலாம். அதனால் படிப்பின் முதல் ஆண்டிலேயே தயாராகத் தொடங்குங்கள். எனக்கு உதவியது இது: தினமும் இரவில் அன்றைக்குக் கவனித்த ஒரு பிள்ளையைப் பற்றி 250 சொற்கள் கையால் எழுதி, வாரம் ஒருமுறை ஒரு சக ஆசிரியையிடம் திருத்தக் கொடுத்தேன். பேசுவதற்குப் பயிற்சி பிள்ளைகளே தருவார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு உங்கள் உச்சரிப்பு புரியவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.

தேர்வு முடிவு 24 மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் ரொம்ப முன்னாடியும் எழுதிவிடாதீர்கள். படிப்பின் கடைசி ஆறு மாதம் சரியான நேரம்.

படி 5: பணமும் மாணவர் விசாவும்

விசாக் கட்டணம் மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர். நிராகரித்தால் திரும்ப வராது. ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். அதற்கு மேல் முதல் ஆண்டுக் கட்டணம், பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு. முதுகலைக் கட்டணம் பல பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கணக்கில் சில வாரம் வைத்துக் காட்டுவதெல்லாம் வேண்டாம், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

நீங்கள் உண்மையான மாணவர்தானா என்று சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்பார்கள். யாரோ எழுதிய பதிலை ஒட்டாதீர்கள். படி 2இல் சொன்ன இரண்டு வாரம் இங்கே கைகொடுக்கும். நீங்கள் நேரில் பார்த்ததை எழுதினால் அது வேறு யாருடைய பதில் மாதிரியும் இருக்காது.

படி 6: படிக்கும் காலம்

வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். பகுதிநேர வேலையை சைல்ட்கேர் சென்டரிலேயே தேடுங்கள். அதற்கு முன் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியானவர் என்ற அரசுச் சான்று வாங்க வேண்டும். விக்டோரியாவில் அதன் பெயர் வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக், குயின்ஸ்லாந்தில் ப்ளூ கார்டு.

பயிற்சிக் காலத்தில், பிளேஸ்மென்ட் என்பார்கள், சம்பளம் கிடையாது. வாரக்கணக்கில் முழுநேரம் போகும்போது பகுதிநேர வேலையும் குறையும். அந்த மாதங்களின் வாடகையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பயிற்சி முடியும் அன்றே, எத்தனை நாள், எந்த வயதுப் பிள்ளைகள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் நான் அதை விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது எனக்கு வழிகாட்டிய ஆசிரியை வேலையை விட்டுப் போயிருந்தார். ஒரு தாளுக்காக இரண்டு மாதம் அலைந்தேன்.

படி 7: படிப்பு முடிந்த பிறகு

படிப்பு முடித்தவர்கள் சில ஆண்டு இங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் தற்காலிக விசாவான 485க்கு விண்ணப்பியுங்கள். பெரும்பாலானோருக்கு வயது வரம்பு 35. பாடவழி (ஆராய்ச்சிப் பட்டம் அல்லாத) முதுகலை முடித்தவருக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு வர்த்தக ஒப்பந்தத்தின்படி மூன்று ஆண்டு வரை. ஜாக்கிரதை: 485இல் இருந்துகொண்டு உள்நாட்டிலிருந்தே திரும்ப மாணவர் விசா கேட்க 2024 ஜூலை முதல் முடியாது. அந்த ஆண்டுகளை வீணாக்க முடியாது.

எய்ட்சல் மதிப்பீட்டுக்கு வேலை அனுபவம் தேவையில்லை. பட்டமும் ஐஈஎல்டிஎஸ்ஸும் கையில் வந்ததும் அனுப்பிவிடுங்கள். விக்டோரியாவில் ஆசிரியராக வேலை பார்க்க மாநில ஆசிரியர் பதிவும் தனியாக வேண்டும்.

இனி புள்ளிக் கணக்கு. 28 வயது, திருமணம் ஆகாதவர் என்று வையுங்கள். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, மேலே சொன்ன ஐஈஎல்டிஎஸ்ஸுக்கு 10, ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆண்டு படித்ததற்கு 5, தனியாள் என்பதற்கு 10. மொத்தம் 70. இதற்கு மேல் நம் தமிழ் 5 புள்ளி தரும். நாட்டி அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வில் தமிழ் உண்டு. டாக்டர், பள்ளி, வங்கி போன்ற இடங்களில் நடக்கும் இரண்டு உரையாடல்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். 90க்கு 63 எடுத்தால் தேர்ச்சி, ஒவ்வொன்றிலும் 29 ஆவது வேண்டும். தமிழில் படித்தவர்களுக்கு இது பெரிய வரம். வாடகை ஒப்பந்தம், முன்பணம், காப்பீடு மாதிரிச் சொற்களை மட்டும் பட்டியல் போட்டுப் பழகுங்கள்.

ஆக 189 விசாவுக்கு 75. மாநிலம் பரிந்துரைக்கும் 190 விசாவில் 5 கூடி 80. ரீஜனல் ஊரில் வாழ வேண்டிய 491 விசாவில் 15 கூடி 90. 491 தற்காலிக விசாதான். அங்கே மூன்று ஆண்டு இருந்து வரிக்கணக்கு காட்டிய பிறகு 191 மூலம் பி.ஆர். ஆகும். 65 குறைந்தபட்சம் என்றாலும் போட்டி அதற்கு மேலேதான். படிப்பு முடித்து இங்கே ஓர் ஆண்டு இந்த வேலை பார்த்தால் இன்னொரு 5 வரும். 189, 190, 491 மூன்று விசாவுக்கும் விருப்பத்தைப் பதிந்து வையுங்கள், எதில் அழைப்பு வந்தாலும் சரி. அழைப்பு வந்த பிறகு மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று எல்லாம் வழக்கமான வேலை.

சித்தி மகள் டிப்ளமோவுக்குப் பணம் கட்டவில்லை. இந்தத் திங்கட்கிழமை முதல் தெருமுனைப் பாலர் பள்ளிக்குப் போகிறாள். முதல் நாளே ஒரு பையன் அவள் துப்பட்டாவில் முகம் துடைத்துவிட்டானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.