விலங்கின் அறிவியல் பெயரைப் பிரித்துப் படிக்கும் முறை

பெயரில் முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். இரண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒன்று கிரேக்கம், மற்றது இலத்தீன் என்று கலந்து வருவது சகஜம். இந்தியக் காண்டாமிருகத்தின் 'ரைனோசெரஸ் யூனிகார்னிஸ்' அப்படித்தான்: முதல் சொல் கிரேக்கம், அடுத்தது இலத்தீன்.

கிரேக்கக் கூட்டுச்சொல்லைப் பெரும்பாலும் கடைசியிலிருந்து பிரிப்பது சுலபம். தமிழின் 'வரையாடு' போலவே முக்கியச் சொல் பின்னால் நிற்கும். அந்த வரையாட்டின் பெயரையே பார்ப்போம்: 'நீலகிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ்'. 'ட்ராகோஸ்' என்றால் வெள்ளாட்டுக் கிடா. 'ஹைலே' காடு, 'க்ரியோஸ்' செம்மறிக் கிடா, நடுவில் வரும் 'ஓ' வெறும் இணைப்பு உயிர். வரையாடு வாழ்வதோ புல்வெளியிலும் பாறைச் சரிவிலும். 2005இல் மரபணு ஆய்வு அதைச் செம்மறிக்கு நெருக்கமாக வைத்தது. அப்போது சூட்டிய பேரினப் பெயரிலோ வெள்ளாடுதான் இருக்கிறது. ஆகவே பொருள் தெரிந்ததும் அதையே விலங்கின் இயல்பாக எழுதிவிடாதீர்கள்.

அகராதியில் தேடும்போது எழுத்து மாற்றம் முக்கியம். கிரேக்கச் சொற்கள் இலத்தீன் உடையில்தான் வருகின்றன: கப்பா என்ற கிரேக்க எழுத்து 'சி' ஆகும், உப்சிலோன் என்ற எழுத்து 'ஒய்' ஆகும், 'ஓஸ்' ஈறு 'அஸ்' ஆகும். 'சி'யில் தொடங்கும் சொல்லைக் கப்பாவின் கீழ் தேடுங்கள். அடுத்து வேற்றுமை வடிவத்தைப் பாருங்கள். அகராதியில் மூக்கு 'ரிஸ்', பறவை 'ஓர்னிஸ்'. கூட்டுச்சொல்லில் வருவதோ 'ரின்', 'ஓர்னித்'. தலைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே ஆறாம் வேற்றுமை வடிவம் கொடுத்திருப்பார்கள், அடிச்சொல் அதில்தான் தெரியும்.

தொடக்கத்தில் வரும் 'அ', உயிர் முன் 'அன்', எதிர்மறை. 'ஏபஸ்' (Apus) காலற்றது: கால் மிகக் குட்டையான உழவாரன். 'அனுரா' வாலற்றவை: தவளைகள்.

அதிகம் பேர் சறுக்குவது ஒலி ஒற்றுமையில். திமிங்கலச் சுறாவின் 'ரின்கோடான்' பெயரை மூக்கு என்று பிரித்தால் தவறு. அங்கே இருப்பது 'ரைனே', அதாவது அரம், 'ஓடோன்' பல். வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் பொடிப் பற்கள் உள்ள மீனுக்குப் பொருத்தமான பெயர்.

கடைசியாக, பெயர் வைத்தவரின் முதல் விவரிப்பைப் படியுங்கள். 1834இல் ஹார்லன் என்ற ஆய்வாளர் ஒரு புதைபடிவத்தைக் கடல் ஊர்வன என்று எண்ணி 'பேசிலோசாரஸ்', அரசப் பல்லி, என்று பெயரிட்டார். பல்லை ஆராய்ந்த ஓவன் என்ற இன்னொரு ஆய்வாளர் அது பாலூட்டி என்று காட்டினார்; அது பழங்காலத் திமிங்கலம். முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்ற விதியால் பெயர் மாறவில்லை. குக்கபரா பறவையின் பேரினப் பெயரான 'டசெலோ' போன்றவற்றுக்கோ அகராதியே உதவாது: மீன்கொத்தியின் இலத்தீன் பெயரான 'அல்செடோ'வின் எழுத்துகளை 1815இல் லீச் என்ற விலங்கியலாளர் இடம் மாற்றி அமைத்த சொல் அது.